மூன்றாவது அகலம்

எல்லோரும் முகங்களைப் பார்த்தார்கள். திரைக்காரி மட்டும் முகங்களுக்குப் பின்னால் தொங்கிய துணியைப் பார்த்தாள்.

கடைக்கு எதிரே இருந்த பஸ் நிறுத்தத்தில் அன்று காலையில்தான் அந்தச் சுவரொட்டியை ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். குடிநீர்க் குழாய் பதிக்க வந்திருந்த இரண்டு வெளிநாட்டு இன்ஜினியர்களைக் காரோடு கடத்திப் பதினோரு நாள் ஆகிவிட்டது. கடத்தியவர்கள் அனுப்பிய படம்தான் சுவரொட்டியில் இருந்தது. இருவரும் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வயதானவரின் மூக்குக்கண்ணாடியில் ஒரு காது உடைந்து, நூலால் கட்டப்பட்டிருந்தது. சிறையில் இருக்கும் தங்கள் ஆட்களை முப்பதாம் தேதிக்குள் விடாவிட்டால் இவர்கள் உயிரோடு இருக்கமாட்டார்கள் என்று கடத்தியவர்கள் சொல்லியிருந்தார்கள். அன்று இருபத்தேழு. படத்துக்குக் கீழே அரசாங்கத்தின் அறிவிப்பு: துப்புக் கொடுப்பவருக்குப் பரிசு, பெயர் ரகசியமாக வைக்கப்படும், கூப்பிட வேண்டிய எண் இது.

"அண்ணி, இத்தனை சைபரை ஒரே இடத்துல நான் பாத்ததே இல்ல," என்றாள் நாத்தனார். இரண்டு மெஷின், ஒரு வெட்டு மேசை, இவர்கள் இருவர், இவ்வளவுதான் கடை. "இந்தப் பணம் மட்டும் வந்தா, இந்த மெஷினை வேற எவளாவது மிதிக்க, நான் கால் மேல கால் போட்டு உக்காந்து பாப்பேன்."

"அதுக்கு முதல்ல யாரையாவது காட்டிக் குடுக்கணும்."

"என் மாமியாரைக் காட்டிக் குடுக்கட்டுமா? இவனுங்க ரெண்டு பேரைத்தான் புடிச்சு வெச்சிருக்கானுங்க. அது ஒரு வீட்டையே புடிச்சு வெச்சிருக்கு."

திரைக்காரி சிரித்துக்கொண்டேதான் சாலையைக் கடந்து பார்க்கப் போனாள். திரும்பி வரும்போது சிரிப்பு இல்லை.

அவள் திரைகளைத் தவிர வேறெதுவும் தைப்பதில்லை. அதனால்தான் தெருவில் அவளுக்கு அந்தப் பெயர். இந்த ஊரில் எத்தனையோ ஜன்னல்களை அவள் மூடியிருக்கிறாள். தெருவில் நடக்கும்போது வீடுகளை அவள் கதவால் அடையாளம் கண்டுகொள்வதில்லை, ஜன்னலால்தான். அளவு நோட்டிலும் யார் பெயரும் கிடையாது. 'நாய் வீடு', 'எட்டு ஜன்னல்', 'பேரம் பேசாத டாக்டர்' என்றுதான் எழுதி வைத்திருப்பாள்.

படத்தில் இருந்தது சாம்பல் நிறத் துணி. கீழிருந்து மேலே ஏறும் பச்சை இலைக்கொடி. நான்கு அகலம், அதாவது நான்கு நீளத் துண்டு, பக்கம் பக்கமாகச் சேர்த்துத் தைத்த ஒரே பெரிய திரை. அதில் மூன்று அகலத்தில் கொடி மேலே ஏறியது. மூன்றாவது அகலத்தில் மட்டும் கீழே இறங்கியது.

அது அவளுடைய தப்பு.

துணிக்குத் தலைப்பக்கம் ஒன்று உண்டு. வெட்டியதும் பின்பக்கத்தில் சாக்பீஸால் ஓர் அம்பு போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் எது தலை எது கால் என்று தெரியாமல் போகும். அவளுடைய மேசை ஆறடி. அந்தத் திரை ஒன்பதடி. ஒவ்வொரு துண்டையும் மேசையின் முனையில் மடித்துத் திருப்பித்தான் வெட்டியாக வேண்டும். மூன்றாவது துண்டைத் திருப்பியபோது போன் வந்தது. பேசிவிட்டு வந்து அம்பு போட மறந்தாள். பின்பக்கம் பார்த்தே தைத்ததால் மெஷினிலும் தெரியவில்லை. கம்பியில் மாட்டிய பிறகுதான் தெரிந்தது. துணிக்கடையில் அந்தத் துணி தீர்ந்துபோயிருந்தது. மூன்று வருஷமாக, தூக்கம் வராத நேரத்தில் மனம் தேடிப் போய் நோண்டும் விஷயங்களில் அதுவும் ஒன்று.

நோட்டைப் புரட்டினாள். 'மாடி டீச்சர். ஹால். ஒரு ஜன்னல். உயரம் ஒன்பது.'

பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கும் அந்த டீச்சரை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. தலைகீழ் இலைகளைப் பார்த்து இவள் அழாத குறையாக நின்றபோது, "விடும்மா, நாலுல மூணு சரி. என் பசங்க இதுவரைக்கும் அவ்வளவு மார்க் எடுத்ததே இல்ல," என்று சிரித்து முழுக் கூலியும் கொடுத்தவர்.

போனில் அதே படத்தைத் திறந்து, இலைகள் சதுரம் சதுரமாகச் சிதறும்வரை பெரிதாக்கிப் பார்த்தாள். இன்னொன்றும் புரிந்தது. திரையின் கீழ் மடிப்பு தரையில் ஒரு முழத்துக்கு மேல் குவிந்து கிடந்தது. ஒன்பதடித் திரை புரள்கிறதென்றால் அந்த அறையின் உயரம் ஏழு, மிஞ்சினால் ஏழரை. அது டீச்சர் வீட்டு ஹால் இல்லை. திரை வேறெங்கோ போயிருக்கிறது.

எப்படிப் போனது?

சுவரொட்டியில் இருந்த எண்ணைக் கடைசி இலக்கம் வரைக்கும் அழுத்திவிட்டு நிறுத்தினாள். என்ன சொல்வது? நான் தைத்த திரை என்றால், யாருக்குத் தைத்தாய் என்று கேட்பார்கள். டீச்சர் வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு போவார்கள். போன வாரம்தான் பின் தெருவில் ஒரு வாட்ச்மேனை, வாடகைத் தகராறில் எவனோ கொடுத்த துப்பை நம்பி அள்ளிக்கொண்டு போனார்கள். நான்கு நாள் கழித்து, தவறான தகவல் என்று விட்டார்கள். கையில் கட்டோடு வந்தார். டீச்சர் அந்தத் திரையைப் பழைய துணிக்காரனிடம் போட்டிருந்தால்?

சொல்லாமல் இருந்தால், நூலால் கட்டிய அந்த மூக்குக்கண்ணாடி.

சாயங்காலம் பஸ் டிப்போவிலிருந்து கணவர் வந்ததும், பிள்ளைகள் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்துச் சொன்னாள். அவர் டிரைவர் சட்டையைக் கழற்றாமலே கேட்டார்.

"கர்ட்டனை வெச்சா கண்டுபிடிச்ச? போய்ச் சொல்லு, சிரிச்சே அவங்களுக்கு வயிறு புண்ணாயிடும்."

"சிரிக்கட்டுங்க. ஆனா அது என் தப்பு. என் தப்பு எனக்குத் தெரியாதா?"

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்துல நீயா ஒரு தப்பை ஒத்துக்கிட்டது இதான் முதல் தடவை. அந்தக் கடத்தல்காரனுக்கு நான் ஒரு நன்றி சொல்லணும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரு, வேண்டாம். அவங்க ஆளு எங்க இருக்கான், எவன் பக்கத்துல நிக்கிறான், நமக்கு என்ன தெரியும்? பேரு ரகசியம்ங்கிறாங்க. எத்தனை பேருக்கு நடுவுல ரகசியம்? பிள்ளைங்க தெருவுல நடந்து போற வீடு இது."

அவர் சொன்னதில் பிழையே இல்லை.  ஆனாலும் அன்று இரவு முழுவதும் அவள் தன்னையே குடைந்தாள். அந்த இருவர்மேல் இரக்கமா? இருந்தது. பணத்தின்மேல் ஆசையா? இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் இரண்டுக்கும் அடியில், வெட்கப்பட வேண்டிய மாதிரி இன்னொன்றும் இருந்தது. தன் திரை அந்த அறைக்கு எப்படிப் போனது என்று தெரிந்தாக வேண்டும். இரண்டு உயிர் ஊசலாடும்போது ஒருத்திக்கு இப்படி ஓர் அரிப்பு இருக்கலாமா? ஆனால் அந்த அரிப்பு இல்லாவிட்டால் கணவர் சொன்னதோடு அடங்கியிருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் இருபத்தெட்டு. மதியம் மூன்றரைக்கு அளவெடுக்கும் இன்ச் டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டு மாடிப்படி ஏறினாள். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"டீச்சர், நான் கர்ட்டன் தைக்கிறவ. அந்தத் துணி மறுபடி கடைக்கு வந்திருக்கு. அன்னிக்குத் தலைகீழாத் தெச்ச துண்டை மாத்திக் குடுத்துடறேன். காசு வேண்டாம். என் மனசுக்காக."

டீச்சர் அவளைச் சற்று நேரம் பார்த்தார். மூன்று வருஷத்தில் முகம் ஒடுங்கியிருந்தது. பிறகு கதவை அகலத் திறந்தார்.

ஹாலில் மாணவர்கள் இல்லை. பெஞ்சுகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. சாப்பாட்டு மேசையில் ஒரு தட்டு கவிழ்த்து வைத்திருந்தது. பெரிய ஜன்னலின் வெறும் கம்பியில் ஒரு படுக்கை விரிப்பு தொங்கியது.

"அது இல்லம்மா. குடுத்துட்டேன்."

"யாருக்கு?"

கேள்வி அவள் நினைத்ததைவிட வேகமாக வெளியே வந்துவிட்டது. டீச்சர் நாற்காலியில் கிடந்த செய்தித்தாளை எடுத்து மடித்தார். மடிக்கும்போது அந்தப் படம் தெரிந்தது. டீச்சர் அதை மறைக்க முயலவில்லை. மூன்றாவது அகலத்தின்மேல் விரலை வைத்து, இவளைப் பார்த்தார்.

திரைக்காரிக்கு ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. அந்தக் கணத்தில் கை, தன் வழக்கப்படி, பையிலிருந்து டேப்பை எடுத்தது.

"சரி டீச்சர். வந்ததுக்கு ஜன்னலை அளந்துக்கறேன். புதுசு ஒண்ணு போடலாம்."

"அளந்துக்கோ," என்று டீச்சர் டேப்பின் மறுமுனையைப் பிடித்தார். இருவரும் ஜன்னலின் இரு பக்கமும் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேச அது வசதியாக இருந்தது.

"எங்க அக்கா பையன்," என்றார் டீச்சர். "அக்கா போனப்புறம் ஏழு வயசுலேருந்து இங்கதான். போன மாசம் வந்து, ஒரு ரூம் எடுத்திருக்கேன் சித்தி, வெயில் அடிக்குது, ஜன்னலுக்கு எதாவது குடுன்னான். நானே கழட்டிக் குடுத்தேன்."

"அந்த ரூம்ல உயரம் கம்மி டீச்சர். துணி தரையில புரளுது."

"கம்மியாத்தான் இருக்கும். மூடிக் கிடக்கற ஐஸ் ஃபேக்டரி இருக்குல்ல, அதுக்குப் பின்னால ஒரு குடோன். மேல தகரம். ஒரு நாள் சட்டையை மறந்துட்டுப் போனான்னு கொண்டு போனேன். உள்ள விடல. வாசல்லயே வாங்கிக்கிட்டான்." டீச்சர் டேப்பை இழுத்துப் பிடித்தார். "எழுதிக்கிட்டியா?"

"எழுதிக்கறேன்."

"சரியா எழுது. தப்பா எழுதினா வேற யார் வீட்டுக் கதவையாவது உடைப்பாங்க."

திரைக்காரி நோட்டைத் திறந்தாள். பென்சில் முனை அழுத்தத்தில் உடைந்தது. பல்லால் மரத்தைச் சீவி மறுபடி எழுதினாள்.

"டீச்சர், நீங்களே போன் பண்ணலாமே. பேரு கேக்க மாட்டாங்களாம்."

"பேப்பர்ல படம் வந்ததுலேருந்து மூணு நாளா போனை எடுத்து எடுத்து வெக்கறேன். நான் வளத்த பிள்ளைம்மா. நான் சொன்னா அது காட்டிக் குடுக்கறது. நீ சொன்னா அது தகவல்." டீச்சர் டேப்பை விடாமல், கவிழ்த்த தட்டைப் பார்த்தார். "தினம் நாலு மணிக்கு இங்க வருவான். சாப்ட்டுட்டு அஞ்சரைக்குக் கெளம்புவான். அந்த நேரத்துல அவன் அங்க இருக்க மாட்டான். இதையும் எழுதிக்கோ. இதை மட்டும் விட்டுடாத."

இவளுக்குப் புரிந்தது. அங்கே போலீஸ் நுழையும்போது துப்பாக்கி வெடிக்கும். இந்த மேசையில் வெடிக்காது.

படி இறங்கும்போது ஒருவன் ஏறி வந்தான். இருபத்தைந்து வயதிருக்கும். குறுகலான படி. சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டான்.

"பாத்து இறங்குங்கக்கா, அந்தக் கடைசிப் படி ஒடஞ்சிருக்கு."

"சரிப்பா," என்றாள்.

ஒரு கடத்தல்காரனை அவள் எப்படிக் கற்பனை செய்திருந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. எப்படியிருந்தாலும் இப்படி இல்லை. அவனுடைய சட்டைக் காலர் கச்சிதமாக இஸ்திரி போடப்பட்டிருந்தது. அதைப் போட்ட கைதான் சற்று முன்பு டேப்பின் மறுமுனையைப் பிடித்திருந்தது. கடைசிப் படி உண்மையிலேயே உடைந்திருந்தது.

தெருமுனை தாண்டி, பூட்டியிருந்த ஒரு கடையின் வாசலில் நின்று எண்ணை அழுத்தினாள். இந்த முறை கடைசி இலக்கத்தில் நிற்கவில்லை.

"பேரு வேண்டாம்மா," என்றது ஒரு பெண் குரல், மனப்பாடமாக. "உங்களுக்கு ஒரு நம்பர் தருவோம். பத்திரமா வெச்சுக்கோங்க. பரிசு கேக்கறதா இருந்தா ஒரு மாசத்துக்குள்ள அதைக் கொண்டு நேர்ல வரணும். இப்ப சொல்லுங்க, யாரைப் பாத்தீங்க?"

"யாரையும் பாக்கல. துணியைப் பாத்தேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. அன்று அந்தப் பெண் எத்தனை மாமியார்களைப் பற்றிக் கேட்டிருப்பாளோ. ஆனால் ஒன்பதடி, ஆறடி மேசை, குவிந்து கிடக்கும் மடிப்பு, டீச்சரின் அக்கா பையன், தகரக் கூரை என்று இவள் சொல்லச் சொல்ல, டைப் அடிக்கும் சத்தம் நின்றது. "லைன்லயே இருங்க," என்றது குரல். ஓர் ஆண் குரல் வந்தது. அவசரமில்லாத குரல். எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டது. நாலு மணி, அஞ்சரை மணி என்பதை இவள் மூன்று முறை சொன்னாள்.

"நேரத்தை நாங்க பாத்துக்கறோம்மா."

"இல்ல சார், அதை எழுதிக்குங்க. அந்த நேரத்துல அங்க ஒரு ஆள் கம்மி. உங்களுக்கும் அதானே நல்லது?"

பேனா கீறும் சத்தம் கேட்டது. "எழுதிட்டேன். இந்த விஷயம் அந்த டீச்சருக்குத் தெரியுமா? அவங்கதான் உங்ககிட்டச் சொன்னாங்களா?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. தெரியும் என்றால், மூன்று நாள் ஏன் மறைத்தாய் என்று டீச்சரைக் கேட்பார்கள். அது ஒரு காகிதத்தில் ஏறும். காகிதம் கோர்ட்டுக்குப் போகும். அந்த இஸ்திரி போட்ட காலர் அங்கே நின்று அதைக் கேட்கும்.

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது சார்," என்றாள். "குடோனைப் பத்திப் பேச்சுவாக்குல வாயைப் புடுங்கினது நான். நான் கர்ட்டன் மாத்தறேன்னு போனேன்."

இருபத்தொன்பதாம் தேதி அவள் வெட்டிய துணி எல்லாமே கோணல். நாத்தனார், "அண்ணி, இது ஜன்னலுக்கா, கப்பலுக்கா?" என்று கேட்டாள். ஆறரை மணிக்கு எதிர்ச் சாரி செல்போன் கடை டிவியின் முன்னால் கூட்டம் சேர்ந்தது. நாலேகாலுக்கு ஐஸ் ஃபேக்டரியில் போலீஸ் நுழைந்திருக்கிறது. கடத்தியவர்களில் இருவர் செத்துப்போனார்கள். இரண்டு இன்ஜினியர்களும் உயிரோடு வெளியே நடந்து வந்தார்கள். வயதானவர் வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அந்தக் கண்ணாடியை ஒரு கையால் பிடித்தபடி வந்தார். இன்னொருவன், உறவினர் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கைது செய்யப்பட்டான் என்று கடைசியாக ஒரு வரி ஓடியது.

"எவளோ ஒருத்திக்கு லாட்டரி அடிச்சிருக்கு," என்றாள் நாத்தனார்.

"எவனாவதா இருக்கக் கூடாதா?"

"ஆம்பளைக்கு இவ்வளவு உத்துப் பாக்கத் தெரிஞ்சா, நம்ம வீட்டுல உப்பு டப்பா எங்க இருக்குன்னு எங்கண்ணனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

கணவர் அன்று வீட்டுக்கு வந்ததும் அவளைப் பார்த்தார்.  சாப்பிட்டு எழுந்தபோது, "அந்தப் பெரியவர் நல்லா நடந்து வந்தாரு," என்று மட்டும் சொன்னார்.

நான்கு வாரம் கழித்து ஒரு புதன்கிழமை மதியம் டீச்சர் போன் செய்தார். நாத்தனார் நூல் வாங்கப் போயிருந்தாள்.

"நேத்து அவனைப் பாக்க விட்டாங்க. சாப்பாடு கொண்டு போனேன். சாப்ட்டான்."

"பேசினானா டீச்சர்?"

"ஒண்ணே ஒண்ணு கேட்டான். ஏன் சித்தின்னு."

திரைக்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "காட்டிக் குடுத்தது நீங்கதான்னு நெனைக்கிறானா? நீங்க சொல்லலைன்னு நான் அவங்ககிட்டச் சொல்லியிருக்கேனே!"

"போலீஸ் அப்படித்தான் எழுதியிருக்கு. ரெண்டு நாள் கேட்டுட்டு என்னை விட்டுட்டாங்க. அவன்தான் நம்பல. நான் இல்லன்னு சொல்லல. பேசாம இருந்தேன்."

"எதுக்கு டீச்சர்? இல்லன்னு சொல்லியிருக்கலாமே. யாரோ பாத்துட்டாங்கன்னு..."

"யாரோன்னா, அந்த யாரு யாருன்னு வெளியில இருக்கற அவன் ஆளுங்க தேடுவாங்கம்மா. சித்தின்னா தேட மாட்டாங்க. என்மேல கை வைக்க அவன் விடமாட்டான். எவ்வளவு வெறுத்தாலும் விடமாட்டான். அதுவரைக்கும் அவனை எனக்குத் தெரியும்."

கணக்கு டீச்சரின் குரலில் அழுகை இல்லை. ஒரு கணக்கின் கடைசி வரியை வாசிப்பது போல வாசித்தார். திரைக்காரி சற்றுத் தடுமாறி, நெடுநாளாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னாள்.

"அந்த நம்பர் என்கிட்ட இருக்கு டீச்சர். வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். அஞ்சு மணி வரைக்கும் வாங்குவாங்களாம். வாங்கினதும் பாதி உங்களுக்கு. இல்ல, பாதிக்கு மேலயே."

"எனக்கு வேண்டியதை வாங்கியாச்சு. உயிரோட இருக்கான். உன் பங்கு உன் இஷ்டம்." டீச்சர் நிறுத்தினார். பிறகு, டியூஷனில் பிள்ளைகளைக் கேட்பது போல, "அங்க போறதுன்னா எந்தக் கதவு வழியாப் போகணும்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

எந்தக் கதவு? அந்த அலுவலகத்துக்கு ஒரே கதவுதான். பெரிய சாலையில், எதிரே டீக்கடை. யார் உள்ளே போகிறார்கள், யார் வருகிறார்கள் என்று நாள் முழுவதும் யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை திரைக்காரி கடைக்கு வந்து, ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பதினெட்டு ஜன்னல் துணியை மேசையில் விரித்தாள். ஒவ்வொரு துண்டையும் வெட்டி, பின்பக்கம் அம்பு போட்டு அடுக்கினாள். மூன்று மணிக்கு ஒரு தடவை செருப்பை மாட்டினாள். கழற்றினாள். சொந்த வீடு, பிள்ளைகளின் படிப்பு, அவருடைய இடுப்பு வலிக்கு ஓய்வு என்று சைபர்கள் ஒவ்வொன்றும் உருவம் எடுத்து வந்து நின்றன. அவற்றை வெறுக்கும் அளவுக்கு அவள் பெரிய மனுஷி இல்லை. அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் வெட்டினாள்.

"என்ன அண்ணி, காலையிலேருந்து கடிகாரத்தையே பாக்கறீங்க?" என்றாள் நாத்தனார்.

"அஞ்சு ஆயிடுச்சான்னு பாத்தேன்."

"ஆயி அஞ்சு நிமிஷம் ஆச்சு. எங்கயாவது போகணுமா?"

"இல்ல," என்றாள் திரைக்காரி. "அந்தக் கடைசித் துண்டை இப்படித் தள்ளு."